உப்புப் பார்க்க ஒரு ஆள்

வதூது சாரிடம் அறிவியல் படித்து, பத்தாம் வகுப்பில் பதினெட்டு மார்க் வாங்கியவன் தமீம். இந்தக் கதையில் அவன்தான் குரு. சார்தான் சீடர். சாருக்கே இது கொஞ்ச நாள் கழித்துத்தான் தெரிந்தது.

தமீமுக்கு முப்பத்திமூன்று வயது. கல்யாண வீடுகளில் பிரியாணி ஆக்குகிறவன். நோன்பு மாதம் பிறந்துவிட்டால் வேறு வேலை ஒப்புக்கொள்ள மாட்டான். பள்ளிவாசலுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் ஊருக்கே நோன்புக் கஞ்சி காய்ச்சுவான். மத்தியானத் தொழுகை முடிந்து அடுப்பு மூட்டினால், சாயங்கால அசர் தொழுகைக்குப் பிறகு சனங்கள் தூக்குவாளியோடு வந்து வரிசையில் நிற்கிற வரைக்கும் அண்டாவை விட்டு நகர மாட்டான்.

வதூது சாருக்கு வருகிற ஜூனில் ஐம்பது வயது. அவருடைய அண்ணன் ஐம்பதில்தான் மாரடைப்பில் போனார். நாலு பேர் தூக்குகிற சந்தூக்குப் பெட்டியை அன்றைக்கு எட்டுப் பேர் மாற்றி மாற்றித் தூக்கினார்கள். அடக்கம் முடிந்து வந்த சார், வீட்டு எடை மெஷினில் ஏறி நின்றார். நூற்று நாற்பத்தொன்று. மறுமாதமே மதுரைக்குப் போய் ஆபரேஷன் செய்துகொண்டார். வயிற்றில் முக்கால் பங்கை எடுத்துவிட்டார்கள். ஒரு வேளைக்கு அரை டம்ளர், அதற்கு மேல் இடமில்லை.

முதல் நாலு மாதம் பசி என்பதே மறந்துபோயிருந்தது. ஏழு மாதத்தில் நாற்பது கிலோ குறைந்தது. அதற்குள் ஆசை வந்துவிட்டது. வயிற்றைத்தான் வெட்டினார்கள், நாக்கை யாரும் தொடவில்லை. பரோட்டா தின்று பார்த்தார், தின்ற வேகத்தில் வாந்தி. அல்வாவில் அந்தத் தொல்லை இல்லை, கொஞ்சம் கொஞ்சமாக வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விடும். பள்ளிக்கூட ஆய்வகத்தில், அமில பாட்டில்களுக்குப் பின்னால் சார் அல்வா ஒளித்து வைத்தார். பையன்கள் பக்கத்தில் போகக்கூடாது என்று அவரே எச்சரித்து வைத்திருந்த அலமாரி அது.

மூன்று கிலோ திரும்ப ஏறியது. டாக்டர் மெஷினைப் பார்த்தார், பிறகு சாரைப் பார்த்தார்.

"இன்னொரு ஆபரேஷனை உங்க இதயம் தாங்காது சார். கிடைச்சதக் காப்பாத்திக்கங்க."

நோன்பு வைக்கவும் கூடாது என்றார். நாள் முழுக்கத் தண்ணீரை உறிஞ்சி உறிஞ்சிக் குடித்துக்கொண்டே இருக்க வேண்டுமாம். தெருவே வாய் உலர்ந்து நடக்கையில் சார் மட்டும் பாட்டிலைத் துண்டில் சுற்றி வைத்துக்கொண்டு குடித்தார். நோன்பும் இல்லை, சாப்பாடும் இல்லை, என்ன பிழைப்பு இது என்று அவருக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது.

மூன்றாம் நோன்பு அன்று பள்ளிக்கூடம் விட்டதும் தூக்குவாளியோடு கொட்டகைக்கு வந்தார். கஞ்சி ஊற்ற இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

"என்ன சார், இவ்வளவு வெள்ளன?" என்றான் தமீம்.

"சும்மாதான்டா. இந்தப் பக்கமா வந்தேன்."

தமீம் தூக்குவாளியைப் பார்த்தான். அண்டாவில் நொய்யரிசியும் பாசிப்பருப்பும் குழைந்து, கொத்துக்கறியும் பூண்டும் பட்டையும் சேர்ந்து கொதித்தன. சார் எச்சிலை விழுங்கினார்.

"நீ நோன்புதானே?"

"ஆமா சார்."

"மூணு மணி நேரமா இந்த வாசனையிலயே நிக்கிறே. ஆசை வராதா?"

"வரும் சார்."

"வந்தா என்ன பண்ணுவே?"

"கிண்டுவேன்."

"அப்புறமும் வந்தா?"

"அப்புறமும் கிண்டுவேன். இல்லாட்டி அடி பிடிச்சிரும்."

சாருக்குக் கோபம் வந்தது. பதினெட்டு மார்க் வாங்கியவன் பதில் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்தார்.

"உனக்கென்னடா, சாயங்காலம் மோதினார் மஃரிப் பாங்கு சொன்னா உன் பசி முடிஞ்சுது. எனக்கு? இனி சாகுற வரைக்கும் அரை டம்ளர். எனக்கு எப்படா பாங்கு சொல்லுவாங்க?"

ஐம்பதை நெருங்குகிற ஆள், பழைய மாணவன் முன்னால் அழக்கூடாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தமீம் துடுப்பை நிறுத்தவில்லை. கிண்டிக்கொண்டே கேட்டான்.

"நீங்க நோன்பு இல்லைல்ல சார்?"

"குத்திக் காட்டுறியா?"

"இல்ல சார். உப்புப் பாக்க ஆளில்ல. இங்க எல்லாரும் நோன்பு. போன வருசம் வரைக்கும் சக்கரை வியாதிக்கார காசீம் பாய் பாத்தாரு, இந்த வருசம் மக வீட்டுக்குப் போயிட்டாரு. நேத்து உப்பு ரெண்டு தடவ விழுந்திருச்சு. நோன்பு திறந்த சனம் ராத்திரித் தொழுகை வரைக்கும் தண்ணி குடிச்சுச்சு."

துடுப்பின் நுனியிலிருந்து சாரின் புறங்கையில் ஒரு சொட்டு விட்டான். சார் ஊதி, நக்கினார்.

"சரியா இருக்கு."

"உப்பா?"

"ஆமா."

"இஞ்சி?"

சார் யோசித்தார். சொட்டு எப்போதோ போய்விட்டது. "இன்னொண்ணு விடு, சொல்றேன்."

"இன்னைக்கு அவ்வளவுதான் சார். நாளைக்கு வாங்க."

ஒரு சொட்டு கிளப்பிவிட்ட ஆசை சாரை வீடு போய்ச் சேர விடவில்லை. நேராகப் பள்ளிக்கூடத்துக்குப் போனார். சாவி அவரிடம்தானே இருந்தது. கால் கிலோ அல்வா. ஆய்வக ஸ்டூலில் உட்கார்ந்து, சுவரைப் பார்த்துக்கொண்டே முடித்துவிட்டார்.

மறுநாள் கொட்டகைக்கு வந்து அதைச் சொன்னார். யாரிடமும் சொல்லாததை இவனிடம் ஏன் சொல்கிறோம் என்று அவருக்கே புரியவில்லை.

"எந்தக் கடை அல்வா சார்?"

"பஸ் ஸ்டாண்டு கடை."

"நெய்யா, டால்டாவா?"

"தெரியலடா."

"முந்திரி போட்டிருந்தானா?"

கால் கிலோ தின்றிருக்கிறார், முந்திரி இருந்ததா என்று தெரியவில்லை. தமீம் திட்டுவான் என்று எதிர்பார்த்தார். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவன் கையை நீட்டச் சொல்லி ஒரு சொட்டு விட்டான்.

இந்த முறை சார் உடனே நக்கவில்லை. ஆறட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தார். நாக்கில் வைத்துக் கண்ணை மூடினார்.

"உப்பு ஒரு கல்லு கூடணும். இஞ்சி இருக்கு. வெந்தயம் முன்னால வருது."

தமீம் ஒரு கை உப்பு அள்ளிப் போட்டான். "இருந்து நோன்பு திறந்துட்டுப் போங்க சார்."

"நோன்பே வைக்கலையேடா."

"உக்காருங்க."

அன்று மாலை பாங்கு சொன்னதும் தமீம் ஒரு பேரீச்சம்பழம் தின்றான், தண்ணீர் குடித்தான். ஒரு கோப்பைக் கஞ்சி எடுத்து அதில் பாதியைச் சாருக்கு ஊற்றினான். சார் சொட்டுச் சொட்டாகக் குடித்தார், அவருடைய வயிறு அப்படித்தான் கேட்கும். தமீமும் தன் பாதியைக் குடித்துக் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டான்.

"அவ்வளவுதானா?" என்றார் சார். "மத்தியானத்துலருந்து அண்டாகிட்ட நின்னியேடா?"

"மத்தியானம் கேட்டிருந்தா அண்டாவே பத்தாதுன்னு சொல்லியிருப்பேன் சார்."

"இப்ப?"

தமீம் கவிழ்த்த கோப்பையைக் காட்டினான்.

சார் அந்தக் கோப்பையையே பார்த்தார். "நாளைக்கு?"

"நாளைக்கு மத்தியானம் மறுபடியும் அண்டா பத்தாது. நீங்க நாலு மணிக்கு வந்திருங்க."

சார் வந்தார். தினமும் வந்தார். திடீரென்று ஞானம் பிறந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். ஒன்பதாம் நோன்பன்று வழியில் முறுக்கு வாங்கித் தின்று, நெஞ்சை அடைத்துக்கொண்டு, சாக்கடை ஓரமாகக் குனிந்து நின்றார். வாயைக் கொப்புளித்துவிட்டு அன்றைக்கும் வந்தார். தமீம் அன்றைக்கும் சொட்டு விட்டான்.

பதினெட்டாம் நோன்பு. கொட்டகையில் விறகுக்காரனோடு தமீமுக்குச் சண்டை. ஈர விறகு, ஒரே புகை. சார் வந்ததும் பேச்சின் நடுவிலேயே புறங்கையில் சொட்டை விட்டுவிட்டு மறுபடி விறகுக்காரன் பக்கம் திரும்பிவிட்டான்.

சார் நாக்கில் வைத்தார். நெற்றி சுருங்கியது.

"தமீமு, தீயுது."

"புகை சார். ஈர விறகு."

"புகை இல்லடா. கஞ்சிக்குள்ள. அடியில பிடிக்குது."

தமீம் அண்டாமேல் குனிந்து மோந்து பார்த்தான். "எனக்கு ஒண்ணும் தெரியலையே சார். மோந்து மோந்து மூக்கு செத்துப்போச்சு."

ஆனாலும் துடுப்பை அடி வரைக்கும் விட்டு இழுத்தான். நுனியில் பழுப்பாக ஒட்டிக்கொண்டு வந்தது. அவ்வளவுதான், விறகை இழுத்துப் போட்டான். விறகுக்காரனும் அவனுமாகச் சண்டையை மறந்து அண்டாவைச் சாய்த்து, அடியைச் சுரண்டாமல் வேறு அண்டாவுக்கு மாற்றினார்கள். இன்னும் ஐந்து நிமிடம் போயிருந்தால் அறுநூறு பேருக்குத் தீய்ந்த கஞ்சிதான்.

வரிசையில் நின்ற யாருக்கும் விஷயம் தெரியாது. வாளியை நீட்டினார்கள், வாங்கிக்கொண்டு போனார்கள். சார் ஓரமாக நின்று அவர்கள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு அலமாரிப் பக்கம் போகவேண்டும் என்ற நினைப்பே அவருக்கு வரவில்லை. மறுநாள் வந்தது, அது வேறு விஷயம்.

இருபத்தொன்பதாம் நோன்பு திறந்த கையோடு பிறை தெரிந்துவிட்டது. தெருவில் பட்டாசு வெடித்தது. மறுநாள் பெருநாள்.

கொட்டகையில் தமீம் அண்டாவைக் கழுவிக்கொண்டிருந்தான். எல்லோரும் துணிக்கடைக்கும் கறிக்கடைக்கும் ஓட, சார் மட்டும் வந்து நின்றார்.

"வீட்டுக்குப் போகலையா சார்? நாளைக்குப் பெருநாளு."

"அதான்டா பயமா இருக்கு."

தமீம் கையை நிறுத்தினான்.

"இத்தன நாளு நாலு மணியாச்சுன்னா இங்க வந்தேன். நாளையிலருந்து எங்கடா போவேன்? வீட்டுல பிரியாணி. அக்கா சேமியா கொண்டுவரும். தம்பி பொண்டாட்டி அல்வா கிண்டுறா. ஒவ்வொருத்தரும் 'பெருநாளும் அதுவுமா ஒரு வாய்தானே'ம்பாங்க. எனக்கு அண்ணன் மூஞ்சி ஞாபகம் வருது. நான் தோத்துருவேன் தமீமு."

தமீம் அண்டாவைக் கவிழ்த்து வைத்தான். கையைக் கைலியில் துடைத்துக்கொண்டான்.

"பெருநாள் தொழுகை முடிஞ்சதும் பள்ளிவாசல்ல நானூறு பேருக்குப் பிரியாணி சார். நான்தான் ஆக்குறேன். காலைல ஆறு மணிக்கு வந்திருங்க. உப்புப் பாக்கணும்."

சார் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. தன்மேல் இரக்கப்பட்டுக் கூப்பிடுகிறான் என்று நினைத்தார். அது அவருக்கு வலித்தது.

"பெருநாளன்னைக்கு யாருமே நோன்பு இல்லையேடா. நீயே பாத்துக்கலாம். நான் எதுக்கு?"

தமீம் துடுப்பைச் சுவரில் சாய்த்து வைத்தான்.

"நான் பாக்கணும்னா ஒரு தட்டு தின்னாத்தான் சார் தெரியும். நீங்க ஒரு பருக்கையில சொல்லிருவீங்க."