மூணு நாட்டுக் கம்பம்

ஒரே ஆறு, மூணு நாடு. மேல மலைநாடு, நடுவுல வயல்நாடு, கடைசியில கடல்நாடு. அடிச்சு அடிச்சு ஓஞ்சு போயி, மூணு எல்லையும் தொடுற ஆத்துத்திட்டுல பொதுவா ஒரு சபை வச்சாங்க. சண்டை நின்னுச்சான்னா, இல்ல, உக்காந்து போட ஆரம்பிச்சாங்க. சபை மேசைக்கு ஆளுக்கொரு கால் செஞ்சு அனுப்புனாங்க, அவங்கவங்க முழக்கணக்குல. மேசை சரிஞ்சே நிக்கும், மைக்கூடு உருண்டு யாரு மடியிலயாவது கொட்டும். அத விடுங்க, கதை கம்பத்தைப் பத்தி.

திட்டுல ஒசரமா ஒரு கம்பம். மூணு கரைக்கும் தெரியும். தண்ணி அளக்குற குயிலி, கடல்நாட்டுப் பொண்ணு, விடிஞ்சதும் அதுல பழைய துணிய எறக்கி அன்னைக்கு உள்ளத ஏத்துவா. வெள்ளைன்னா பயமில்ல, செவப்புன்னா வெள்ளம் வருது, மேட்டுக்கு ஓடணும். ஒருக்கா யாரோ தப்பா செவப்பு ஏத்தி, வயல்நாட்டு சனம் அறுப்பைப் போட்டுட்டு ஓடி, நெல்லு வயல்லயே மொளச்சுப் போச்சு. அதுலேருந்து செவப்புக்கு மூணு நாட்டுக் கையெழுத்தும் வேணும்.

அந்த ஐப்பசியில மலைநாட்டு ஆளு திருமேனி சபையை விட்டு எந்திருச்சுப் போயிட்டாரு. கடுதாசியில அவங்க நாட்டுப் பேரைக் கடைசியா எழுதிட்டாங்களாம். மழை விடாம கொட்டுது. ஒருநாள் மத்தியானம் அவரே ஓடத்துல வந்து, குயிலியத் தனியா கூப்பிட்டாரு.

"மலையில எங்க அணையத் தெறந்தாச்சு தாயி. நாளைக்கு இந்நேரம் தண்ணி இங்க வந்துரும். நான் சொன்னேன்னு சொல்லிராத. கையெழுத்து போட எனக்கு உத்தரவில்ல."

குயிலி சபைத் தலைவர் அம்பலவாணர்கிட்ட ஓடுனா. வயல்நாட்டுக்காரர். பதினாறு வருசமா அந்தச் சரிஞ்ச மேசையில எழுதி எழுதி முதுகு வளஞ்ச மனுசன்.

"ரெண்டு கையெழுத்துல ஏத்துனா மலைநாடு சபைய விட்டே போயிரும்மா. அப்புறம் அடுத்த வெள்ளத்துக்குச் சேதி சொல்ல யாரு வருவா?"

மலைநாட்டு ராசாவையே கேக்குறேன்னு ஓடம் ஏறிட்டாரு. போக வர நாலு நாள். அது அவருக்கும் தெரியும்.

கடல்நாட்டுக் கரையில குயிலியோட அக்கா, பத்து நாள் பிள்ளையோட. ஒரு ஓடம் அனுப்புனா போதும். கயித்த அவுத்தா. மத்த ரெண்டு கரையையும் பாத்தா. திரும்பக் கட்டிட்டா.

விடிஞ்சதும் வெள்ளைத் துணிய எறக்குனா. வேற எதையும் ஏத்தல.

செவப்புக்குத்தான் கட்டளை. ஒண்ணுமே ஏத்தாம விட்டா என்னன்னு யாரும் எழுதி வைக்கல. கம்பத்த மொட்டையா பாத்தே அறியாத சனம் மெரண்டு போயி, மூணு கரையிலயும் மேடேறுச்சு. அக்காவும் பிள்ளையக் கூடையில வச்சுக்கிட்டு ஏறுனா. மத்தியானம் தண்ணி வந்துச்சு. வீடு போச்சு, ஆள் போகல.

சேதி கொண்டாந்து பேர மறைச்ச திருமேனி, சபை ஒடையக்கூடாதுன்னு ஓடம் ஏறுன அம்பலவாணர், கட்டளையச் சுத்திப் போன குயிலி. இதுல யாரு செஞ்சது சரி?

குயிலிதான். அவுத்த கயித்தத் திரும்பக் கட்டுனா பாருங்க, அதுக்காகச் சொல்றேன். அந்த ஓடம் போயிருந்தா அவ கடல்நாட்டுக்காரி, அவ்வளவுதான். மூணு நாடும் ஒரே நேரத்துல தெரிஞ்சுக்கணும்னுதான் அந்தக் கம்பத்தையே நட்டாங்க. மத்த ரெண்டு பேரு மேல எனக்குக் கோவம் இல்ல, அலுப்புதான். அடுத்த கூட்டத்துல மூணு நாடும் அதிசயமா ஒரே நாள்ல கையெழுத்துப் போட்டுச்சு: இனிமே கம்பத்த வெறுமனே விடவும் மூணு கையெழுத்து வேணும்னு.