நின்னுபோன நரி

ரஞ்சிதம் டீச்சர் சனிக்கிழமை சாயங்காலம் ஊர் நூலகத்துல பிள்ளைங்களுக்குக் கதை சொல்லுவாங்க. ஒரு காலத்துல முப்பது பிள்ளைங்க வரும். அதுல ஒருத்தி, தாசில்தார் மக, கதையில வர்ற கரடிக்குன்னு வாராவாரம் ரெண்டு பழம் கொண்டாருவா. கரடி எங்க தின்னுச்சு, டீச்சர்தான் தின்னாங்க. அந்தப் பொண்ணு இப்ப கோயம்புத்தூர்ல பல் டாக்டர். சரி, அது கிடக்கட்டும்.

இப்ப ஒரு பிள்ளையும் வர்றதில்ல. சனிக்கிழமையும் டியூஷன். டீச்சர் மட்டும் வந்து குட்டி நாற்காலிங்களைத் துடைச்சுப் போட்டுட்டு, ஆறு மணி வரைக்கும் உக்காந்திருந்துட்டுப் போவாங்க.

அங்கதான் எபநேசர் வந்து சேர்ந்தார். காலேஜ் புரொபசர், ஐம்பது வயசு. பன்னெண்டு வருஷமா சிறுவர் இலக்கிய வரலாறு எழுதறார். டீச்சரைத்தான் குருவா நெனச்சிருந்தார். அவர் பையைத் தூக்கின ஆட்டோக்காரர், "உள்ள அம்மிக்கல்லா சார்?"னு கேட்டாராம்.

"டீச்சர், அச்சுப் புத்தகம் வந்தது, பத்திரிகை வந்தது, படக்கதை வந்தது, எல்லாம் எழுதிட்டேன். முதல் அத்தியாயம் மட்டும் வெள்ளைத் தாளாவே கிடக்கு. இதெல்லாம் எங்க ஆரம்பிச்சது?"

"உக்காருங்க சார், சொல்றேன்."

"இந்த நாற்காலியிலயா?"

"இருக்கிறது இதுதான்."

உக்காந்தார். முழங்கால் தாடையில இடிச்சுது. நோட்டைத் திறந்தார்.

"ஒரு ஊர்ல ஒரு நரி இருந்துச்சு."

'நரி'ன்னு எழுதிக்கிட்டார்.

டீச்சர் நிறுத்திட்டாங்க. ஃபேன் மட்டும் கடகடன்னு சுத்துது. அந்த ஃபேனுக்காக மூணு கலெக்டருக்கு மனு போயிருக்கு, அது தனிக்கதை.

"சொல்லுங்க டீச்சர்."

"ஒரு ஊர்ல ஒரு நரி இருந்துச்சு."

மறுபடியும் நிறுத்திட்டாங்க.

"இது எந்தத் தொகுப்புல இருக்கு? எந்த வருஷம்?"

"சார், சின்னதுல உங்களுக்கு யாரு கதை சொன்னாங்க?"

பேனா நின்னுச்சு.

"எனக்கா? மூணு வயசுல என்னை அனாதைப் பிள்ளைங்க ஹோம்ல விட்டுட்டாங்க. எட்டு மணிக்கு மணி அடிக்கும். அதுக்கப்புறம் யாரும் பேசக்கூடாது."

"பக்கத்துப் பாயில படுத்தவன்?"

"அவனும் பேசமாட்டான்."

டீச்சர் தன் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கிட்டாங்க.

"அதான் உங்களுக்கு உம் கொட்டத் தெரியல. நான் சொல்லச் சொல்ல நீங்க 'ம்'னு சொல்லணும். இல்லேன்னா நரி நின்ன இடத்துலயே நிக்கும்."

எபநேசர் சிரிக்கப் பார்த்தார். வரல.

"ஒரு ஊர்ல ஒரு நரி இருந்துச்சு."

நோட்டை மூடி மடியில வச்சுக்கிட்டார்.

"ம்."

"அதுக்குப் பேச்சுத் துணைக்கு ஒரு ஆளும் கிடையாது."

"ம்."

டீச்சர் கண்ணாடியைக் கழட்டி, முந்தானையில துடைச்சாங்க. துடைச்சுக்கிட்டே இருந்தாங்க.

"நாலு வருஷமாச்சு சார், இங்க இந்தச் சத்தம் கேட்டு."

"அப்ப என் முதல் அத்தியாயம், டீச்சர்?"

"இப்பதானே சார் சொன்னீங்க, 'ம்'னு."