செத்தவர் கேட்ட ஓட்டு

உயிரோடு இருந்தவரை தர்மராசுவின் மணல் குவாரியை எதிர்த்தே நின்றவர் இசக்கி. செத்த மூன்றாம் மாதம் டிவியில் வந்து, "தர்மராசு அண்ணாச்சிக்கே ஓட்டுப் போடுங்க" என்று சிரித்தார். கண் மட்டும் இமைக்கவே இல்லை. ஊரில் இருந்த ஒரே கேபிள் சேனல் தர்மராசுவுடையது. வேட்பாளரும் அவர்தான்.

"கம்ப்யூட்டர்ல செஞ்ச பொய் இது, நிறுத்துங்க" என்று இசக்கியின் மனைவி மூக்கம்மாள் சேனல் வாசலில் போய் நின்றாள். ஊர் பார்க்கவே அவளை மடக்கிவிடலாம் என்று தர்மராசு நேரலையில் உட்காரவைத்தார்.

"உன் புருசன் சொல்லலைன்னு நிரூபி. போய் அவனையே கூட்டிட்டு வா, பாப்போம்."

பின்னால் இருந்த திரையில் இசக்கி சிரித்துக்கொண்டே இருந்தார். மூக்கம்மாள் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"என்னால முடியாது அண்ணாச்சி. செத்தவுக பேசுவாவன்னே வச்சுக்கிடுவோம். நேத்து உங்க அப்பாவும் எங்க வாசல்ல வந்து நின்னாவ. உங்களைப் பத்தி ஒரு விசயம் சொன்னாவ. சொல்லலைன்னு நீங்க நிரூபிங்க."

தர்மராசுவின் முகம் வெளுத்தது. குரல் இறங்கியது.

"கிணத்துல நடந்ததையா சொன்னாரு?"

அப்பா வந்ததாக மூக்கம்மாள் சொன்னது சும்மா இட்டுக்கட்டியது. அந்தப் பெரியவர் கட்டிலில் படுத்தபடி மாரடைப்பில் போனார் என்றுதான் இதே சேனல் ஊருக்குச் சொல்லியிருந்தது.