பின்பக்கத்து ஒப்பு

"எனக்கு எப்பம்தான் ஒப்பு போட அனுமதி தருவிய, டீச்சர்?"

தாணுமாலயன் இதைக் கேட்பது முதல் தடவை அல்ல. கேட்டுக் கேட்டு அவருக்கே அலுத்துப்போயிருந்தது.

பேங்க் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். எமிலி டீச்சர் அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். ஆனாலும் நாகர்கோவில் பக்கம் பழைய திருவிதாங்கூர் சமஸ்தானத்துத் தபால் ஸ்டாம்பு ஒன்று அசலா கள்ளமா என்று தெரிய வேண்டுமென்றால் டீச்சர் வீட்டுக்குத்தான் வர வேண்டும்.

அசல் என்றால் ஸ்டாம்பின் பின்பக்க மூலையில் பென்சிலால் மிளகளவு ஒரு ஒப்பு, அதாவது தன் கையெழுத்து, போடுவார். அது இருந்துவிட்டால் அப்புறம் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

அந்த ஒப்பைத் தானும் போடத்தான் தாணுமாலயன் இத்தனை வருஷமாகத் தவம் கிடக்கிறார்.

"வெளிச்சத்துல பிடிச்சா காகிதத்துக்குள்ள தெரியுக சங்கு முத்திரையைப் பாக்கப் படிச்சாச்சு. ஓரத்துப் பல்லை எண்ணப் படிச்சாச்சு. மை படிச்சாச்சு. இன்னும் என்ன பாக்கி?"

டீச்சர் வாசலில் ஆள் வந்து நின்றதைப் பார்த்து எழுந்தார்.

வந்தவர் தங்கசுவாமி. தக்கலைக்காரர். சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னக் கவரை எடுத்து மேசையில் வைத்தார்.

உள்ளே ஒரு திருவிதாங்கூர் ஸ்டாம்பு. அதன்மேல் இரண்டாவதாக அச்சடித்த எழுத்து தலைகீழாக விழுந்த ரகம். அபூர்வம். அபூர்வம் என்பதாலேயே கள்ள அச்சு அடிப்பவர்களுக்கும் பிரியமானது.

"எங்க அப்பா வச்சிருந்தது. தம்பி அசலை மாத்திட்டுக் கள்ளத்தை வச்சிட்டாண்ணு நான் சொன்னேன். பேச்சு முத்திப்போச்சு. இப்பம் அவன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் போக்குவரத்து இல்ல."

தங்கசுவாமி கவரை டீச்சர் பக்கம் நகர்த்தினார்.

"போன வாரம் இதைக் கொண்டாந்து எம் முன்னால போட்டான். டீச்சரே ஒப்பு போட்டுட்டாங்கண்ணு சொன்னான். இது உங்க ஒப்பு தானா?"

தாணுமாலயன் பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

டீச்சர் போன வாரம் முழுவதும் திருவனந்தபுரத்தில், ஆஸ்பத்திரியில் இருந்தார். தாணுமாலயன் டீச்சர் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்த அந்தச் சமயத்தில்தான் தம்பிக்காரன் வந்தான். அண்ணன் தன்னைத் திருடன் என்று சொல்லிவிட்டதாகத் தேம்பித் தேம்பி அழுதான். தாணுமாலயன் டீச்சரின் லென்ஸைத் தொடாமலே ஸ்டாம்பைப் பார்த்தார். மனசு இளகிவிட்டது. டீச்சரின் ஒப்பைப் போடப் பென்சிலை எடுத்தார்.

டீச்சர் ஸ்டாம்பைத் திருப்பிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"நானே போட்ட மாதிரி இருக்கு," என்றார். "ஆனா நான் போடல்ல."

"எனக்குத் தெரியும்!" தங்கசுவாமி துள்ளி எழுந்தார். "அந்தப் படுபாவிதான் போட்டிருப்பான். ஒப்பிலயும் கள்ள ஒப்பு!"

சும்மா இருந்திருந்தால் பழி தம்பி தலையில் விழுந்திருக்கும். தாணுமாலயன் தப்பித்திருப்பார். ஒரு நிமிஷம் அந்த ஆசையும் வந்தது.

"அவரு போடல்ல. நான்தான் போட்டேன்," என்றார்.

 அவமானத்தில் அவர் முகம் எரிந்தது.

"ஆனா டீச்சர், ஸ்டாம்பு அசல்தான். நீங்க பாத்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பிய."

டீச்சர் ரப்பரை எடுத்தார். காகிதம் நோகாமல் அந்த ஒப்பை அழித்தார். ஸ்டாம்பைத் தாணுமாலயன் பக்கம் தள்ளினார். பக்கத்தில் பென்சிலையும் வைத்தார்.

"உங்க ஒப்பைப் போடுங்க."

"என் ஒப்பா?"

"இத்தனை வருஷமா என் ஒப்பைப் போட அனுமதி கேக்கிய. உங்க ஒப்பைப் போட வேண்டாம்ணு யாரு சொன்னா?"

தாணுமாலயன் பென்சிலைத் தொடவில்லை.

"நீங்க ஒரு தடவை பாத்துச் சொல்லப்பிடாதா, டீச்சர்?"

"நீங்க பாத்தாச்சுல்லா?"

"என் பேரை யாரு நம்புவா?"

"இப்பம் யாரும் நம்ப மாட்டா," என்றார் டீச்சர்.

தங்கசுவாமி மேசையைப் பிடித்தபடி குனிந்தார். குரல் இறங்கியிருந்தது.

"போடுங்க சார். நான் நம்புகேன். நான் போயி எந் தம்பி காலைப் பிடிக்கணுமா, இல்ல செத்தாலும் அவன் மூஞ்சியில முழிக்கப்பிடாதாண்ணு நீங்கதான் சொல்லணும். ஆனா நாளைக்கு இது தப்புண்ணு தெரிஞ்சா, உங்க வீட்டு வாசல்லதான் வந்து நிப்பேன்."

தாணுமாலயன் பென்சிலை எடுத்தார். முனையை மூலையில் வைத்தார்.

வைத்த கை அசையவில்லை.

போன வாரம் இதே ஸ்டாம்புக்கு, இதே மூலையில், அவர் கை ஒரு நொடிகூடத் தயங்கவில்லை.

பென்சிலைக் கீழே வைத்தார்.

"டீச்சர்," என்றார். "அந்த லென்ஸைக் கொஞ்சம் தாங்க."