கேழ்வரகு வயலில் வெள்ளை நூல்

"அம்மா, நிலம் கெட்டுப் போச்சு," என்றார் கோலப்பன்.

தவமணி அம்மை அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். மலையடிவாரத்து மடத்துக்கு அவர்தான் குரு. சீடர் கோலப்பனைவிட வயதில் ரொம்பச் சின்னவர்.

மடத்துக்கு வருமுன் கோலப்பன் ஊறுகாய் போட்டு விற்றவர். ஜாடியில் ஒரு பொட்டு வெள்ளைப் பூசணம் கண்டால் போதும், அத்தனையையும் குப்பையில் கொட்டிவிடுவார். அப்பேர்ப்பட்ட மனிதரிடம்தான் அம்மை கேழ்வரகு வயலை ஒப்படைத்திருந்தார். பசியோடு வருகிறவர்களுக்கு மடம் ஊற்றும் கூழ் அந்த வயலில் விளைவது.

குரு சொன்னபடி சாணமும் மக்கிய இலைதழையும் போட்டுத்தான் வந்தார் சீடர். இன்று களையெடுக்கக் குனிந்தால், மண்ணுக்குள் எங்கு பார்த்தாலும் வெள்ளை நூல். ஜாடியில் பார்த்த அதே பூசணம் என்று நினைத்தார். பூசணத்தைக் கொல்ல ஒரு பானை மயில்துத்தம் கரைத்து வைத்துவிட்டு, ஊற்ற அனுமதி கேட்டு வந்து நிற்கிறார்.

"எருவிலேருந்துதான் ஏறியிருக்கு. இன்னிக்கே ஊத்தலைன்னா பயிர் மொத்தமும் போயிரும். அப்புறம் வர்றவங்களுக்கு எதை ஊத்துறது?"

அம்மை அரிசியை ஓரமாக வைத்தார். அந்த வயலிலிருந்து ஒரு காய்ந்த மண்கட்டியும், எருவையே பார்க்காத மேட்டு நிலத்திலிருந்து ஒரு கட்டியும் கொண்டுவரச் சொன்னார்.

கோலப்பன் முணுமுணுத்துக்கொண்டே போய்க் கொண்டுவந்தார்.

இரண்டு கண்ணாடித் தம்ளர்களில் தண்ணீர் ஊற்றி, ஒவ்வொன்றிலும் ஒரு கட்டியைப் போட்டார் அம்மை.

மேட்டு மண் பொலபொலவென்று உதிர்ந்து சேறானது.

வயல் மண் அப்படியே உட்கார்ந்திருந்தது. அம்மை தம்ளரைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். அப்போதும் கரையவில்லை.

"மழை அடிச்சா உங்க பயிர் எந்த மண்ணுல நிக்கணும்?"

கோலப்பன் தம்ளரிலிருந்து வயல் கட்டியை எடுத்து மெதுவாகப் பிட்டார். பொடி மண்ணையெல்லாம் வெள்ளை நூல் சேர்த்துப் பிடித்திருந்தது. நடுவே ஒரு கேழ்வரகு வேர். அதையும் நூல் சுற்றியிருந்தது. அழுகலைத் தேடினார். வேர் திடமாக இருந்தது.

நூல் தலைமுடியைவிட மெல்லிசு. பூசணம் அழகாக இருக்கும் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை.

"யாரும்மா இவங்க?"

"நீங்க போட்ட எருவைச் சாப்பிட வந்தவங்க."

கோலப்பன் பிட்ட மண்ணைத் திரும்பச் சேர்த்து வைத்தார். பிறகு, தூங்குகிறவர்களை எழுப்பிவிடக்கூடாது என்பதுபோலத் தணிந்த குரலில் கேட்டார்:

"இவங்களுக்கு அடுத்த வேளைக்கு என்ன போடட்டும்?"