தளவாய்க்கு இடமில்லாத வண்டி

எருக்கம்பட்டிப் பாளையத்துக்கு ஒரு படை உண்டு. அந்தப் படைக்கு ஒரு காயக்காரர் வண்டியும் உண்டு. சண்டையில் அடிபட்டவர்களை ஏற்றிக்கொண்டு வைத்தியரிடம் போவதுதான் அதன் வேலை. ஒரு சக்கரம் பெரிது, ஒரு சக்கரம் சிறிது. ஒரு காயத்தோடு ஏறியவன் மூன்று காயத்தோடு இறங்குவான். தூரத்தில் அது வருகிற சத்தம் கேட்டாலே கீழே கிடக்கிறவர்கள் எழுந்து நடக்க ஆரம்பித்துவிடுவார்கள். அந்த வகையில் அது பல பேரைப் பிழைக்க வைத்திருக்கிறது.

வண்டிக்கு மூன்று ஆட்கள்: கூளையன், சடைமாயன், பொம்மையன். கூளையன்தான் மூத்தவன். ஆகவே எந்தத் தப்பையும் முதலில் செய்கிற உரிமை அவனுக்கு.

ஒரு நாள் காலையில் படையை நடத்துகிற தளவாய் முத்திருளப்பர் குதிரையிலிருந்து விழுந்து, முழங்காலுக்குக் கீழே எலும்பை முறித்துக்கொண்டார். கட்டு வைத்தியர் இருந்தது கரட்டுக் குன்றுக்கு அந்தப் பக்கம், மேலக்கரட்டூரில். பொழுது சாய்வதற்குள் கொண்டுவந்தால் எலும்பு கூடும், வீக்கம் முற்றிவிட்டால் ஆயுசுக்கும் நொண்டிதான் என்று அவர் ஆள்விட்டுச் சொன்னார். தானே வரலாம், ஆனால் தன் காலும் சரியில்லை என்றும் சொல்லியனுப்பினார். குதிரை ஏற முடியாதவரை எந்தப் பாளையக்காரர் தளவாயாக வைத்துக்கொள்வார்? முத்திருளப்பருக்குக் காலும் போய், பதவியும் போய்விடும்.

பாளையக்காரர் பழைய வண்டியைப் பார்த்தார். காலால் ஓர் உதை விட்டார். சின்னச் சக்கரம் கழன்று குளத்துப் பக்கம் ஓடியது. மூன்று பேரையும் கூப்பிட்டு, உடனே புது வண்டி வாங்கச் சொன்னார். அதில் என்னென்ன இருக்கவேண்டும் என்பதை, படுக்கப்போகிறவரையே கேட்கவேண்டும். வலியில் இருக்கிறவன் மாற்றி மாற்றிப் பேசுவான். முதலில் சொல்வதை மட்டும் செய்யுங்கள், பிற்பாடு சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள் என்றும் கண்டித்துச் சொன்னார்.

தளவாய் பல்லைக் கடித்துக்கொண்டு மூன்று விஷயம் சொன்னார். குலுங்கக்கூடாது. காயக்காரர் வண்டி என்று தூரத்திலேயே தெரியவேண்டும், இல்லாவிட்டால் எதிரி வெட்டிப்போடுவான். உள்ளே வீட்டில் படுத்திருக்கிற மாதிரி இருக்கவேண்டும். நாலாவதாக, சீக்கிரம் போய்த் தொலையுங்கடா என்றார். அது பிற்பாடு சொன்னது என்று கூளையன் விட்டுவிட்டான்.

நாகலிங்க ஆசாரியின் பட்டறைக்குப் போனார்கள். வண்டி வாங்கப் போகிறவன் அச்சை ஆட்டிப் பார்க்கவேண்டும், ஆரக்காலைத் தட்டிப் பார்க்கவேண்டும், சக்கரத்துப் பட்டை இறுக்கமா என்று குனிந்து பார்க்கவேண்டும். இவர்கள் ஆசாரியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். குலுங்குமா என்று கேட்டார்கள். ஆசாரி ஒரு சொம்பு நிறையத் தண்ணீர் எடுத்து, நிறுத்தியிருந்த கூண்டு வண்டிக்குள் வைத்தார். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. மறுபேச்சில்லாமல் வாங்கிவிட்டார்கள். ஆசாரிக்கே மனசு கேட்கவில்லை. சொம்பைச் சும்மா கொடுத்தார்.

மாட்டைப் பூட்டிப் பத்தடி போனதும் சொம்பு உருண்டது. வண்டியை நிறுத்தி மூன்று பேரும் யோசித்தார்கள்.

"மாடு இல்லாதப்போ சிந்தலை. மாடு வந்ததும் சிந்துது. அப்போ குலுக்குறது யாரு?" என்றான் கூளையன்.

"மாடு," என்றான் சடைமாயன்.

"வண்டி மேல பழி போடப் பார்த்தோமே, பாவம்," என்றான் பொம்மையன்.

மாட்டை அவிழ்த்து விரட்டிவிட்டு, தாங்களே தள்ளிக்கொண்டு போனார்கள். அப்போதும் குலுங்கத்தான் செய்தது. ஆனால் சொம்பில் தண்ணீர் இல்லாததால் சிந்தவில்லை.

அடுத்து, காயக்காரர் வண்டி என்று தூரத்திலேயே தெரியவேண்டும். இதற்காகப் பொம்மையன் கூண்டின்மேல் ஏறி உட்கார்ந்து முனக ஆரம்பித்தான். நல்ல குரல். வழியில் எதிரே வந்தவர்கள் எல்லாம் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றார்கள்.

இனி வீடு. தளவாயின் வீட்டுக்குப் போய், கூளையன் அவருடைய கட்டிலில் மல்லாந்து படுத்தான். படுத்தால் கண்ணுக்கு என்னென்ன தெரிகிறதோ அதை அவன் சொல்லச் சொல்ல, சடைமாயன் வண்டியில் ஏற்றினான். உறியும் மோர்ப்பானையும் ஏறின. ஆட்டுரல் ஏறியது. கட்டில் கயிற்றை மென்றுகொண்டிருந்த வெள்ளாடு ஏறியது. மூன்று வருஷத்துக்கு முன்னால் விருந்துக்கு வந்து இன்னும் தூங்கிக்கொண்டிருந்த மைத்துனன் வீரணனைப் பாயோடு சுருட்டி ஏற்றினார்கள். அவன் புரண்டுகூடப் படுக்கவில்லை. கடைசியில் தளவாயின் மனைவி ஒச்சம்மாளிடம் வந்தார்கள்.

"அவருக்குக் கால் ஒடிஞ்சா நான் எதுக்குடா வண்டி ஏறணும்?" என்றாள்.

"நீங்க பக்கத்துல இருந்து ஏசலைன்னா அவருக்கு வீட்டுல படுத்த மாதிரி இருக்காது ஆத்தா," என்றான் கூளையன்.

அவள் ஏசிக்கொண்டே ஏறினாள். வண்டி முழுமை பெற்றது.

கோட்டைக்கு வந்து பார்த்தால் தளவாயை வைக்க இடமில்லை. ஒரு கையைக்கூட உள்ளே நுழைக்க முடியாது. ஒச்சம்மாள், தான் இறங்கிக்கொள்கிறேன், அவரைப் படுக்க வையுங்கள் என்று எழுந்தாள். கூளையன் குறுக்கே விழுந்து தடுத்தான். எதை இறக்கினாலும் அது வீடாக இருக்காது. மூன்று பேரும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து ஆலோசித்தார்கள். உச்சிப்பொழுது தாண்டியது. தளவாயின் கால் பூசணிக்காய் பருமனுக்கு வந்துகொண்டிருந்தது.

"தளவாய் ஐயா பகல்ல வீட்டுல இருக்கிறதுண்டா?" என்று கேட்டான் சடைமாயன்.

"கிடையாது. விடிஞ்சா கோட்டைக்குத்தான் வருவார்," என்றான் கூளையன்.

"அப்போ இந்த நேரத்துல அவர் இல்லாம இருந்தாத்தான் வீடு மாதிரி இருக்கும்."

இதற்கு எதிராக ஒன்றும் சொல்ல முடியவில்லை. தளவாய் மட்டும் சொன்னார், நிறையச் சொன்னார், மூன்று பேருடைய தாயார்களையும் சேர்த்துச் சொன்னார். எல்லாமே பிற்பாடு சொன்னது.

ஆக, வண்டி புறப்பட்டது. தளவாய் ஒரு ஈட்டியை ஊன்றிக்கொண்டு ஒற்றைக் காலில் பின்னால் வந்தார். கால் முறிந்தவர் வாயைத் திறக்கவில்லை. காயமில்லாத பொம்மையன் கூண்டின்மேல் ஐயோ அம்மா என்று கதறிக்கொண்டிருந்தான். தம்பி தூங்குகிறான், கொஞ்சம் மெதுவாக முனகு என்று ஒச்சம்மாள் அதட்டினாள்.

கரட்டு ஏற்றத்தில் வண்டி நின்றுவிட்டது. கூளையனும் சடைமாயனும் தள்ளினார்கள், நகரவில்லை. பொழுது மேற்கே இறங்கிக்கொண்டிருந்தது. எப்படியாவது போய்ச் சேர்ந்தால் போதும் என்று தளவாயும் ஈட்டியைப் போட்டுவிட்டு, ஒற்றைக் காலில் நின்று தோள் கொடுத்தார்.

பின்பக்கம் உட்கார்ந்திருந்த ஒச்சம்மாள், கால் முறிந்த புருஷன் தன்னைத் தள்ளுகிற காட்சியை ஒரு கணம் பார்த்தாள். ஆட்டை ஒதுக்கிவிட்டுக் குதித்தாள். சேலையை வரிந்து கட்டி, தளவாயை நெல்மூட்டை மாதிரி முதுகில் தூக்கிப் போட்டுக்கொண்டு கரட்டில் ஏறினாள். அவள் முதுகில் அவர் குலுங்கவில்லை. எவ்வளவோ தூரத்திலிருந்தே இருவரும் தெரிந்தார்கள். வழிநெடுக அவள் ஏசிக்கொண்டே போனதால், அவருக்கு வீட்டில் படுத்திருக்கிற மாதிரியே இருந்தது.

பொழுது சாய இன்னும் ஒரு பனை உயரம் இருக்கும்போது வைத்தியர் எலும்பைக் கூட்டிக் கட்டிவிட்டார். கால் தப்பியது. பதவியும் தப்பியது.

மறுநாள் பாளையக்காரர் மூன்று பேரையும் கூப்பிட்டு, புது வண்டி எப்படி என்று விசாரித்தார்.

"வண்டியில ஒரு குறையும் இல்லை மகாராஜா," என்றான் கூளையன். "ஏறுற ஆள்லதான் குறை. குடும்பஸ்தன் அடிபட்டா வீடு பெரிசாயிடுது. ஒண்டிக்கட்டை அடிபட்டா ஒரு பாயும் ஒரு சொம்பும் போதும். பக்கத்துல அவனும் படுத்துக்கலாம்."

பாளையக்காரர் மீசையைத் தடவிக்கொண்டே ஓலை எழுதுகிறவனைக் கூப்பிட்டார். எதிரிப் பாளையத்துக்கு அன்றைக்கே ஓலை போனது: 'இனி எங்கள் படையில் கல்யாணமாகாதவர்களை மட்டும் அடிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம். அடையாளத்துக்கு அவர்கள் தலையில் சிவப்புத் துணி கட்டியிருப்பார்கள்.'

அப்போது ஆடி மாதம். ஆடியில் யாரும் கல்யாணம் வைக்கமாட்டார்கள். ஓலை போன மறுநாள் விடிந்ததிலிருந்து பொழுது சாய்வதற்குள் எருக்கம்பட்டிப் படையில் நாற்பத்தொரு கல்யாணம் நடந்தது. மேளக்காரருக்கு உதடு வீங்கிவிட்டது.

மிஞ்சிய ஒண்டிக்கட்டைகள் மூன்றே பேர். தலையில் சிவப்புத் துணியைக் கட்டிக்கொண்டு, புது வண்டியில் பாய் விரித்து, எதிரிக்கு அலைச்சல் வேண்டாம் என்று வரிசையாகப் படுத்திருந்தார்கள்.

"மூணு பேரும் உள்ளே படுத்துட்டா, வண்டியைத் தள்ளுறது யாரு?" என்று பொம்மையன் கேட்டான்.

"முதல்ல அடிபடுவோம்," என்றான் கூளையன்.