கேப்டன் துரையின் வெள்ளைப் பாய்

பாய்மரப் போர்க்கப்பல்களின் வயிற்றுக்குள் நீராவி இயந்திரத்தைத் திணித்த காலம் அது. அப்படி ஒரு கப்பலில் அடுப்புக்குக் கரி தள்ளியவன் தூத்துக்குடி கயித்தான். கேப்டன் ஹார்கிரேவ் துரைக்கோ இயந்திரம் என்றாலே குமட்டும். பாய்தான் அவருக்கு உயிர்.

திருகோணமலைத் துறைமுகத்தில் அட்மிரல் காத்திருந்தார். அன்று காலை கப்பல் துறைமுக வாசலை நெருங்கியபோது காற்று செத்துக் கிடந்தது.

"இயந்திரத்தை ஓட்டு. ஆனால் பாயில் பொட்டுக் கரி பட்டாலும் உனக்குப் பன்னிரண்டு சவுக்கடி!" என்றார் கேப்டன்.

"புகை மேலதானே போகும், துரை? பாயைச் சுருட்டிடலாமே?"

"சுருட்டினால், உன் அடுப்புதான் கப்பலைக் கொண்டுவந்தது என்று அட்மிரல் நினைக்கமாட்டாரா? எது எப்படிப் போனாலும் பாயில் கரி படக்கூடாது. போ!"

"உத்தரவு, துரை" என்று இறங்கிய கயித்தான், நேரே போய் அடுப்பை அணைத்தான்.

கப்பல் துறைமுக வாசலிலேயே நின்றுவிட்டது. கட்டுமரங்கள் அதைத் தாண்டிப் போயின. காத்திருந்து அலுத்த அட்மிரல் படகேறி வந்து, "ஏன் நிற்கிறது?" என்று உறுமினார்.

கயித்தான் மேல்தளத்துக்கு ஏறி வந்து சலாம் வைத்தான். "பாயில கரி படக்கூடாதுன்னு கேப்டன் துரை உத்தரவுங்க. பாருங்க, ஒரு பொட்டு இல்ல."

தொங்கிக் கிடந்த வெள்ளைப் பாயைப் பார்த்தார் அட்மிரல். பிறகு கேப்டனைப் பார்த்தார்.

கேப்டனின் முகம் சிவந்தது. "பாயைச் சுருட்டுங்கள்" என்று முணுமுணுத்தார்.

"கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க, துரை," என்றான் கயித்தான். "காலையில நான் சொன்னப்பவும் யார் காதுலயும் விழல."